பாலும் மறுத்தோர்: நனிசைவ இயக்கத்தின் வரலாறு

இளங்கலை (வரலாறு), மூன்றாம் ஆண்டு

முன்னுரை

புலால் உண்ணாமை நமக்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். சமணமும் பௌத்தமும் கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றின. எனினும் புலாலை மறுத்த நம் முன்னோருள் பெரும்பாலோர் பாலை மறுத்தாரல்லர். பாலும் தயிரும் மோரும் நெய்யும் தூய உணவுகளாகவே கருதப்பட்டு வந்தன. இன்றும் அவ்வாறே கருதப்படுகின்றன.

பாலும் கூடாது, முட்டையும் தேனும் கூடாது, தோற்செருப்பும் கம்பளியும் பட்டும்கூடக் கூடாது என்று கூறும் ஒரு நெறி சென்ற நூற்றாண்டில் இங்கிலாந்தில் பெயர் பெற்று, ஓர் இயக்கமாக உருக்கொண்டது. ஆங்கிலத்தில் ‘வீகன்’ என வழங்கும் இந்நெறியாளரை இப்போது தமிழில் ‘நனிசைவர்’ என்கின்றனர். ‘நனி’ என்பது மிகுதிப் பொருள் தரும் உரிச்சொல் என்பதை இலக்கண வகுப்பில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆயினும் இப்பெயரைக் கொண்டு ஒருவர் தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடும். ‘சைவம்’ என்பது ஒரு சமயத்தின் பெயர்; இவ்வியக்கமோ எந்தச் சமயத்தையும் அடிப்படையாகக் கொண்டதன்று. கடவுளை நம்புவோரும் நம்பாதோரும் இதில் உளர்.

இந்நெறி எங்கே வேர்விட்டது, மரக்கறி இயக்கத்தினின்றும் ஏன் பிரிந்தது, எத்தகைய இடர்களைக் கடந்தது, அது எழுப்பும் வினாக்கள் யாவை என்பவற்றை வரலாற்று முறையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய வேர்கள்

ஓர் இயக்கம் தோன்றுவதற்கு முன்பே அதன் கருத்து எங்கேனும் ஒரு தனி மனிதரின் உள்ளத்தில் தோன்றிவிடுவது வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் உண்மை. சிரியா நாட்டில் மஅர்ரா என்னும் ஊரில் 973ஆம் ஆண்டு பிறந்து 1057இல் மறைந்த அரபுக் கவிஞர் அபுல் அலா அல் மஅர்ரி அத்தகையவர். இளமையிலேயே கண்பார்வை இழந்த அவர், இறைச்சியை மட்டுமன்றிப் பாலையும் முட்டையையும் தேனையும் விலக்கினார். பால் கன்றுக்கு உரியது, முட்டை பறவைக்கு உரியது, தேன் தேனீக்கு உரியது என்பது அவர் கொள்கை. அவரைப் பின்பற்றி ஓர் அமைப்பு தோன்றவில்லை. ஆனால் பின்னாளில் நனிசைவர் கூறிய நியாயம் ஏறத்தாழ முழுமையாக அவரிடமே காணப்படுகிறது.

ஐரோப்பாவில் புலால் மறுத்தோர்க்கு நெடுங்காலம் தனிப்பெயர் இல்லை. பழங்காலக் கிரேக்க அறிஞர் பித்தாகரசின் பெயரால் ‘பித்தாகரசின் உணவு முறையினர்’ என்றே அவர்கள் அழைக்கப்பட்டனர். கணிதத் தேற்றத்தால் நாம் அறிந்த அதே பித்தாகரசுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

இங்கிலாந்தில் புலால் மறுப்பு ஒரு சமூக இயக்கமானது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். 1809ஆம் ஆண்டு சால்ஃபோர்டு நகரில் வில்லியம் கவுஹர்டு என்னும் பாதிரியார் தொடங்கிய திருச்சபை, தன் உறுப்பினர் இறைச்சி உண்ணலாகாது என விதித்தது. கவிஞர் ஷெல்லி 1813இல் இயற்கை உணவை ஆதரித்து ஒரு சிறுநூல் வெளியிட்டார். அவர் காலத்தவரான மருத்துவர் வில்லியம் லேம் காய்கனி உணவாலேயே நோய் தீர்க்க முயன்றார்.

1838இல் இலண்டனுக்கு அருகே ‘ஆல்காட் இல்லம்’ என்ற பள்ளி தொடங்கப்பட்டது. அமெரிக்கக் கல்வியாளர் பிரான்சன் ஆல்காட்டின் பெயரைத் தாங்கிய அப்பள்ளியில் விலங்குணவு விலக்கப்பட்டது. அந்த ஆல்காட்டும், சார்லசு லேன் என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து 1843இல் அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்தில் ‘ஃபுரூட்லாண்ட்சு’ என்றொரு குடியிருப்பை அமைத்தனர். அங்கே இறைச்சி, பால், முட்டை எதுவும் இல்லை. கம்பளி ஆட்டுக்கு உரியது என்று அதனை உடுத்த மறுத்தனர். பருத்தி அடிமைகளின் உழைப்பால் விளைவது என்று அதனையும் மறுத்து, சணல் போன்ற நாரினால் நெய்த லினன் துணி உடுத்தினர். மனிதனை அடிமைப்படுத்துவதும் விலங்கை அடிமைப்படுத்துவதும் ஒரே தீமையின் இரு வடிவங்கள் என்ற எண்ணம் இங்கே வெளிப்படையாகத் தோன்றுவதைக் காண்கிறோம்.

ஆனால் ஃபுரூட்லாண்ட்சு ஏழு மாதங்களே நீடித்தது. உழவு அறியாதோர் தொடங்கிய பண்ணை பனிக்காலத்தைத் தாங்கவில்லை. கொள்கை பேசுவோர் வெளியூர் சென்றுவிட, வீட்டுச் சுமை பெண்கள்மீது விழுந்தது. அப்போது பத்து வயதுச் சிறுமியாக அங்கே வாழ்ந்த ஆல்காட்டின் மகள் லூயிசா, பின்னர்ப் புகழ்பெற்ற எழுத்தாளராகி, அவ்வாழ்க்கையை அங்கதமாக எழுதினார். உயர்ந்த குறிக்கோள் மட்டும் போதாது, அதை நடத்தும் வகையும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி தரும் பாடம்.

1847ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் ராம்சுகேட் நகரில் மரக்கறிச் சங்கம் நிறுவப்பட்டது. ‘வெஜிடேரியன்’ என்ற சொல் அதன்பின் நன்கு பரவியது. சங்கம் இறைச்சியை விலக்கியது. பாலையும் முட்டையையும் உண்பது உறுப்பினரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. இவ்விடத்தில்தான் பிற்காலப் பிரிவின் விதை விழுந்தது.

பாலைப் பற்றிய வழக்கு

1909 முதல் 1912 வரை மரக்கறிச் சங்கத்தின் இதழில் ஒரு விவாதம் நடைபெற்றது. பாலும் முட்டையும் உண்போர் உண்மையான மரக்கறியாளரா என்பதே வினா. 1910இல் ரூபர்ட் வெல்டன் என்பவர் விலங்குணவே இல்லாத சமையல் குறிப்புகளுடன் ஒரு நூல் வெளியிட்டார்.

பாலை மறுத்தோரின் வாதம் எளியது. பசு கன்று ஈன்றால்தான் பால் சுரக்கும். தொடர்ந்து பால் வேண்டுமாயின் பசு தொடர்ந்து ஈன வேண்டும். ஈன்ற கன்றுகளில் ஏறத்தாழப் பாதி காளைக் கன்றுகள். அவை பால் தாரா. பால் வற்றிய கிழப் பசுவும் பயன் தராது. இவற்றை எல்லாம் வாழ்நாள் முழுவதும் வைத்துத் தீனி போடும் பால் வணிகம் எங்கும் இல்லை. ஆகவே அவை இறைச்சிக் கூடத்திற்கே செல்கின்றன. முட்டைக்கும் இதே கணக்குத்தான். சேவற்குஞ்சு முட்டை இடாது. இறைச்சியை மறுத்துப் பாலை ஏற்பவர், ஒரே மரத்தின் ஒரு கிளையை வெட்டி மறு கிளைக்கு நீர் ஊற்றுகிறார் என்று அவர்கள் கூறினர்.

மறுதரப்பினரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. இறைச்சியை விடுவதே பலர்க்கு அரிது. பாலையும் விடச் சொன்னால் யாரும் நம்மிடம் வாரார். குழந்தைகளும் நோயாளிகளும் என்ன செய்வர். வெளியூர் சென்றால் எதை உண்பது என்று அவர்கள் கேட்டனர். கொள்கை அளவில் பாலை மறுத்தோர் பக்கமே நியாயம் உண்டு எனச் சங்கத்தினர் சிலர் ஒப்புக்கொண்டனர்; நடைமுறையில் அதனை ஏற்கச் சங்கம் முன்வரவில்லை. இவ்வாறு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வழக்குத் தீர்ப்பின்றிக் கிடந்தது.

காந்தியடிகளும் பாலும்

இந்த ஆங்கில இயக்கத்துடன் நம் நாட்டுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1888இல் சட்டம் பயில இலண்டன் சென்ற காந்தியடிகள் அங்கே ஒரு மரக்கறி உணவகத்தைக் கண்டுபிடித்தார். அங்கு விற்பனைக்கு இருந்த ஹென்றி சால்ட்டின் நூலை வாங்கிப் படித்தார். அதுவரை தாய்க்குக் கொடுத்த வாக்குக்காகவே புலாலை விலக்கியிருந்த அவர், அன்று முதல் தம் சொந்த முடிவால் விலக்கினார். இலண்டன் மரக்கறிச் சங்கத்தின் செயற்குழுவிலும் அவர் இடம்பெற்றார்.

தென்னாப்பிரிக்காவில் டால்சுடாய் பண்ணையில் வாழ்ந்தபோது, 1912இல் அவரும் அவருடைய நண்பர் காலன்பாக்கும் பாலையே விட்டனர். பால் புலனடக்கத்திற்கு இடையூறு என்ற எண்ணம் ஒரு காரணம். கறவை மாடுகள் படும் கொடுமைகளைப் பற்றிப் படித்தது மற்றொரு காரணம். 1918இல் கடும் வயிற்றுக்கடுப்பால் அவர் உடல் நலிந்தது. பால் அருந்தாமல் உடல் தேறாது என்றார் மருத்துவர். காந்தியடிகள் தம் விரதத்தை நினைவூட்டினார். அப்போது கஸ்தூரிபா, பசும்பாலும் எருமைப்பாலும் தானே விரதத்தில் அடங்கும், ஆட்டுப்பாலுக்குத் தடை ஏது என்று கேட்டார். காந்தியடிகள் இணங்கினார். விரதத்தின் சொல்லைக் காத்து, அதன் பொருளைக் கைவிட்டதாக அவர் தம் தன்வரலாற்றில் வருந்தியுள்ளார்.

1931 நவம்பர் 20ஆம் நாள் இலண்டன் மரக்கறிச் சங்கத்தில் காந்தியடிகள் உரையாற்றினார். முதியவரான சால்ட் அவர் அருகே அமர்ந்திருந்தார். உடல்நலத்தை மட்டும் நம்பி மரக்கறி உணவை ஏற்போர் நிலைத்து நிற்க மாட்டார். அறத்தை அடிப்படையாகக் கொண்டோரே நிலைப்பர் என்பது அவ்வுரையின் சாரம். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே நகரில் தோன்றிய நனிசைவச் சங்கமும் அறத்தையே அடிப்படையாகக் கொண்டது.

1944: ஒரு சங்கத்தின் பிறப்பு

டொனால்டு வாட்சன் 1910இல் இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் சுரங்கத் தொழிலாளர் வாழும் ஊரில் பிறந்தவர். பள்ளித் தலைமையாசிரியரின் மகன். சிறுவனாக இருந்தபோது மாமன் பண்ணையில் பன்றி ஒன்று கொல்லப்பட்டதையும் அது எழுப்பிய ஓலத்தையும் கேட்டார். பண்ணையில் அன்புடன் பழகிய அனைவரும் அதற்கு உடந்தையாக இருந்ததே அவரை வாட்டியது. பதினான்காம் வயதில் புலாலை விட்டார். பின்னர்ப் பாலையும் விட்டார். மரவேலை கற்பிக்கும் ஆசிரியரானார். இரண்டாம் உலகப் போரில் கொல்லாமை காரணமாகப் படையில் சேர மறுத்தார்.

1944 ஆகஸ்டில் வாட்சனும் எல்சி சிரிக்லியும் வேறு சிலரும், பால் உண்ணாத உறுப்பினர்க்கெனச் சங்க இதழில் சில பக்கங்கள் ஒதுக்குமாறு மரக்கறிச் சங்கத்தைக் கேட்டனர். கோரிக்கை மறுக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் இலண்டன் ஹோல்பர்ன் பகுதியில் வாட்சனோடு ஐவர் கூடினர். செருமானிய ஏவுகணைகள் இலண்டன்மீது விழுந்துகொண்டிருந்த காலம் அது. இறைச்சியும் வெண்ணெயும் முட்டையும் பங்கீட்டு அட்டைக்கே அளந்து தரப்பட்டன. உலகமே கொலைக்களமாகக் கிடந்த நேரத்தில் ஆறு பேர் கூடிக் கன்றுக்குட்டியின் உரிமையைப் பற்றிப் பேசினர் என்பது நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆனால் வன்முறையின் எல்லையைக் கண்முன் கண்ட தலைமுறைக்கு, வன்முறையற்ற வாழ்வு எது என்ற வினா வெறும் ஏட்டு வினாவன்று.

தங்களை எப்பெயரால் அழைப்பது என்பது முதற் சிக்கலாக இருந்தது. ‘பால் உண்ணா மரக்கறியாளர்’ என்பது நீண்ட பெயர். மேலும் அது இல்லாததைக் கொண்டே ஒருவரைக் குறிக்கிறது. ‘டெய்ரிபேன்’, ‘விட்டன்’, ‘பெனிவோர்’ முதலிய பெயர்கள் ஆராயப்பட்டன. இறுதியில் ‘வெஜிடேரியன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளையும் கடைசி இரண்டு எழுத்துகளையும் இணைத்து ‘வீகன்’ என்ற சொல் ஆக்கப்பட்டது. மரக்கறி நெறியில் தொடங்கி அதன் முடிவான எல்லைக்குச் செல்வது இந்நெறி என்பதை அச்சொல்லே குறிப்பதாக வாட்சன் விளக்கினார்.

‘வீகன் நியூசு’ என்ற காலாண்டிதழ் அதே மாதம் வெளிவந்தது. தனி இதழின் விலை இரண்டு பென்சு. ஆண்டுச் சந்தா ஒரு சில்லிங். எழுதுவது, தட்டச்சு செய்வது, தாள்களைச் சேர்த்துத் தைப்பது யாவும் வாட்சனின் வேலைகளே. வேலை மிகுந்தபோது படிகளின் எண்ணிக்கைக்கு அவர் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. 1962இல் ஆக்சுபோர்டு படவிளக்க அகராதியில் ‘வீகன்’ என்ற சொல் இடம்பெற்றது. வாட்சன் 2005 நவம்பரில், தம் தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்தார். இந்த உணவால் ஆயுள் குறையும் என்று அன்று சொன்னோர்க்கு அவர் வாழ்வே ஒரு மறுமொழியாயிற்று.

உணவுப் பட்டியலா, கொள்கையா?

சங்கம் தோன்றிய பின்னும் அதற்குத் தெளிவான வரையறை இல்லை. விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியல் இருந்தது. அவற்றை ஏன் விலக்க வேண்டும் என்பதற்கு ஒரு வாசகம் இல்லை. இக்குறையை 1949இல் சுட்டிக்காட்டியவர் லெஸ்லி கிராஸ். மனிதன் விலங்குகளைத் தன் பயனுக்காகச் சுரண்டாமல் வாழ வேண்டும் என்பதே நனிசைவத்தின் பொருள் என 1951இல் அவர் விளக்கினார்.

இம்மாற்றம் சிறியதன்று. பட்டியல் மட்டும் இருந்திருப்பின், நனிசைவம் பல உணவு முறைகளுள் ஒன்றாக நின்றிருக்கும். கொள்கை வந்தபின் அது உடை, செருப்பு, சவர்க்காரம், மருந்துச் சோதனை, வித்தை காட்டும் விலங்குகள் ஆகிய அனைத்தையும் தழுவியது. அடிமை ஒழிப்பு இயக்கத்தின் மொழியிலேயே கிராஸ் விலங்கு விடுதலையைப் பேசினார். ஃபுரூட்லாண்ட்சு காலத்தில் கண்ட எண்ணம் நூறு ஆண்டுகளுக்குப்பின் வரையறையாக மலர்ந்தது எனலாம். இயன்ற அளவிலும் நடைமுறைக்கு ஒத்த அளவிலும் என்ற வரம்பும் பின்னாளில் அவ்வரையறையில் சேர்க்கப்பட்டது. முழுத் தூய்மையை எவராலும் எய்த இயலாது என்ற உணர்வு அதில் தெரிகிறது.

அறிவியல் வைத்த சோதனை

இவ்வியக்கம் சந்தித்த மிகப் பெரிய இடர் எதிரிகளிடமிருந்து வரவில்லை. உறுப்பினர்களின் உடலிலிருந்தே வந்தது. முதல் ஆண்டுகளில் சிலர்க்கு நாவில் புண், கைகால் மரத்துப்போதல், சோர்வு முதலியவை தோன்றின. காரணம் அப்போது தெளிவாகவில்லை. 1948இல்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பி12 என்னும் உயிர்ச்சத்து பிரித்தெடுக்கப்பட்டது. சங்கம் தொடங்கி நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே இச்சத்து உலகுக்குத் தெரியவந்தது! 1950களில் ஃபிராங்க் வோக்ஸ் முதலிய ஆய்வாளர் இங்கிலாந்து நனிசைவரை ஆராய்ந்து, அவர்களுள் சிலர்க்கு இச்சத்துக் குறைவு உள்ளதை எடுத்துக்காட்டினர். டோரதி ஹாட்ஜ்கின் 1956இல் இதன் அமைப்பைக் கண்டறிந்து வெளியிட்டார்; 1964இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பி12 சத்தை விலங்கும் ஆக்குவதில்லை, செடியும் ஆக்குவதில்லை, நுண்ணுயிர்களே ஆக்குகின்றன. அது விலங்கின் உடலில் சேர்ந்து இறைச்சியிலும் பாலிலும் கிடைக்கிறது. தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. நுண்ணுயிர்களைக் கொண்டு தொழிற்சாலையில் இச்சத்தைத் தயாரிக்கும் முறை வந்தபின் இச்சிக்கல் தீர வழி பிறந்தது. பி12 சேர்த்த உணவையோ மாத்திரையையோ தவறாது கொள்ள வேண்டும் என்று நனிசைவச் சங்கமே இன்று வற்புறுத்துகிறது. குறிப்பாகக் கருவுற்ற தாய்மாரும் குழந்தைகளும் இதில் கவனக்குறைவாக இருத்தல் ஆகாது.

இவ்விடத்தில் இயக்கம் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். ‘இயற்கையே எல்லாம் தரும்’ என்று அறிவியலை மறுத்திருக்கலாம். அவ்வாறு மறுத்திருந்தால் அது அழிந்திருக்கும். அறிவியலை ஏற்றதால் அது பிழைத்தது. அருள் மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாலுக்கு மாற்று

பாலை விடு என்று சொல்வது எளிது. தேநீரில் எதை ஊற்றுவது என்பது அன்றாட வினா. 1956இல் லெஸ்லி கிராஸ் தாவரப் பால் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். பல ஆண்டு முயற்சிக்குப்பின் 1965இல் சோயா அவரையிலிருந்து செய்த பால் விற்பனைக்கு வந்தது. 1972இல் அந்நிறுவனம் ‘பிளாமில்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஈவா பாட் என்ற அம்மையார் விலங்குப்பொருள் கலவாத செருப்பு, உடை, ஒப்பனைப் பொருள்கள் முதலியவற்றைத் தேடித் தொகுத்துப் பட்டியலிட்டார். 1973இல் சமையல் நூலும் எழுதினார். கொள்கை, கடைத்தெருவுக்கு வந்தபோதே பொதுமக்களுக்குப் பயன்பட்டது.

சோயாப் பாலைப் ‘பால்’ என்று அழைக்கலாமா என்ற வழக்கும் பின்னர் எழுந்தது. 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம், தாவரப் பொருள்களைப் பால் என்ற பெயரில் விற்கலாகாது எனத் தீர்ப்பளித்தது. மரபாக வழங்கும் சில பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவற்றுள் நம் சமையலறைகளுக்கு நன்கு பழகிய தேங்காய்ப்பாலும் ஒன்று.

அமெரிக்காவில் அகிம்சை

அமெரிக்காவில் 1948இலேயே கலிபோர்னியாவில் ஒரு சிறு நனிசைவச் சங்கம் தோன்றியது. 1960இல் ஜே தின்ஷா அமெரிக்க நனிசைவச் சங்கத்தை நிறுவினார். அவருடைய தந்தையார் பம்பாயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பார்சி இனத்தவர். பிறப்பிலிருந்தே மரக்கறி உண்டு வளர்ந்த தின்ஷா, 1957இல் ஓர் இறைச்சிக் கூடத்தை நேரில் கண்டபின் பாலையும் விட்டார். தாம் நடத்திய இதழுக்கு அவர் இட்ட பெயர் ‘அகிம்சை’. நம் நாட்டுச் சொல் ஒன்று கடல் கடந்து சென்று, நம் நாட்டிலேயே பலரும் எண்ணிப் பாராத பொருளில் அங்கே வழங்கியது.

1971இல் டென்னசி மாநிலத்தில் இளைஞர் பலர் கூடி ‘தி ஃபார்ம்’ என்ற குடியிருப்பை அமைத்தனர். ஃபுரூட்லாண்ட்சினர் போலன்றி, இவர்கள் சோயா பயிரிட்டுப் பால் எடுக்கும் கூடம் வரை அமைத்துக்கொண்டு நிலைத்தனர்.

எண்ணங்கள் பரவிய காலம்

1964இல் ரூத் ஹாரிசன் எழுதிய நூல், கூண்டுகளில் அடைத்துக் கோழிகளையும் கன்றுகளையும் வளர்க்கும் தொழிற்சாலைப் பண்ணைகளை இங்கிலாந்து மக்களுக்குக் காட்டியது. 1971இல் ஃபிரான்சஸ் மூர் லாப்பே, தானியத்தை விலங்குக்கு ஊட்டி இறைச்சியாக்கும்போது உணவு வீணாகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். 1975இல் ஆஸ்திரேலிய மெய்யியலார் பீட்டர் சிங்கர் ‘விலங்கு விடுதலை’ என்ற நூலை வெளியிட்டார். துன்பத்தை உணரும் ஆற்றலே அறக்கணக்கில் இடம்பெறும் தகுதி; இனம் வேறு என்பது காரணமாகாது என்பது அவர் வாதம்.

1994இல் சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி நவம்பர் முதல் நாள் உலக நனிசைவ நாளாக அறிவிக்கப்பட்டது. 2014 முதல் சனவரி மாதம் முழுவதும் நனிசைவ உணவை உண்டு பார்க்கத் தூண்டும் பிரசாரம் இங்கிலாந்தில் தொடங்கிப் பல நாடுகளுக்கும் பரவியது. 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த பேராய்வு ஒன்று, உலக விளைநிலத்தில் 83 விழுக்காட்டை இறைச்சி, மீன் பண்ணை, முட்டை, பால் ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அவை தருவது 18 விழுக்காடு ஆற்றலும் 37 விழுக்காடு புரதமுமே எனக் கணக்கிட்டது. இதனால் சுற்றுச்சூழல் என்ற புதிய காரணமும் பழைய அறக்காரணத்துடன் சேர்ந்தது.

2020 சனவரியில் இங்கிலாந்தின் தொழில் தீர்ப்பாயம் ஒன்று, அறம் பற்றிய நனிசைவம் சமயநம்பிக்கை போலவே சட்டப் பாதுகாப்புக்கு உரிய கொள்கை என்று கூறியது. இந்தியாவில் பொட்டலங்களில் காணும் பச்சைப் புள்ளி பாலையும் சைவமாகவே கொள்கிறது. ஆதலின் 2022இல் நனிசைவ உணவுகளுக்கெனத் தனி விதிமுறைகளும் தனிச் சின்னமும் நடைமுறைக்கு வந்தன.

எதிர்வாதங்கள்

இந்நெறியை ஆராய்வோர் அதன்மீது எழுப்பப்படும் தடைகளையும் நேர்மையுடன் நோக்க வேண்டும்.

முதலாவது, வாழ்வாதாரம். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் பயனாக இந்தியா 1990களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாகப் பால் கறக்கும் நாடாயிற்று. அப்பாலில் பெரும்பகுதி பெரும்பண்ணைகளிலிருந்து வருவதன்று. ஓரிரு மாடுகளை வைத்திருக்கும் எளிய குடும்பங்களிலிருந்து வருவது. காலையும் மாலையும் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலால் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மாரிடம், வேறு வருவாய்க்கு வழி காட்டாமல் ‘பாலை விடு’ என்பது அறமாகாது. ஆனால் காளைக் கன்று எங்கே போகிறது என்ற வினாவும் அதனால் மறைந்துவிடாது. உழவுக்கும் வண்டிக்கும் காளை வேண்டியிருந்த காலத்தில் அவ்வினாவுக்கு ஒரு விடை இருந்தது. டிராக்டர் வந்தபின் அவ்விடை மங்கிவருகிறது.

இரண்டாவது, சமூக ஏற்றத்தாழ்வு. நம் நாட்டில் புலால் மறுப்பு அருளின் அடையாளமாக மட்டும் இருந்ததில்லை. பிறரைத் தாழ்த்தும் கருவியாகவும் பயன்பட்டதுண்டு. உண்ணும் உணவைக் காட்டி மனிதனைத் தீண்டாமல் ஒதுக்கிய வரலாறு நமக்கு உண்டு. நனிசைவத்தின் அடிப்படை தூய்மையன்று, சுரண்டாமை. விலங்கைச் சுரண்டலாகாது என்போர் மனிதனை இழிவுபடுத்தினால், அது அந்நெறிக்கே முரணாகும். இந்நாட்டில் இவ்வியக்கம் வேரூன்ற வேண்டுமாயின் இவ்வேறுபாட்டை அது தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.

மூன்றாவது, இடம். பனிப்பாலையிலும் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலும் பயிர் விளையாது. அங்கு வாழ்வோர்க்கு விலங்கே உணவு. இயன்ற அளவில் என்ற வரம்பு இதற்கு ஓரளவு விடை தருகிறது. தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மிகுந்தவர்க்கே கடமையும் மிகுதி என்பது அதன் பொருள்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் புலனாகின்றன. நனிசைவம் திடீரெனத் தோன்றிய நாகரிகப் போக்கன்று; நூற்றாண்டுகளாகச் சிலர் உள்ளத்தில் இருந்த வினாவுக்கு 1944இல் ஒரு பெயரும், 1951இல் ஒரு வரையறையும், 1965இல் ஒரு மாற்றுப்பொருளும் கிடைத்தன. இவை மூன்றும் சேர்ந்தபோதுதான் தனிமனிதர் கொள்கை சமூக இயக்கமாயிற்று. ஃபுரூட்லாண்ட்சின் தோல்வியும் பி12 தந்த சோதனையும் அவ்வியக்கத்திற்கு நடைமுறையையும் அறிவியலையும் கற்பித்தன.

எல்லோரும் நாளையே பாலை விட்டுவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிவன்று. ஆயினும் ‘நான் எவ்வுயிர்க்கும் தீங்கு செய்யாத உணவு உண்கிறேன்’ என்று சொல்லும் நம்முள் பலர், அந்தக் கூற்றை ஒருமுறை உரசிப் பார்ப்பது நன்று. காந்தியடிகளே அப்படி உரசிப் பார்த்து, தம் குறையை மறைக்காமல் எழுதிவைத்தார். ஆறு பேர் கூடிய ஒரு சிறு கூட்டம் உலகின் முன் வைத்த வினா இதுதான்: பசுவின் மடியில் சுரக்கும் பால் யாருக்கு உரியது? விடை எதுவாயினும், கன்றை நினையாமல் சொல்லும் விடை முழு விடையாகாது.